காவலுக்கும் ஒரு காவல்

ஒலி மனிதனை அழைக்கும் தூதுவன். கோயில் மணி ஒலித்தால் பூசை தொடங்கிற்று என்று ஊர் அறிகிறது. பள்ளி மணி ஒலித்தால் மாணவர் வகுப்பறைக்கு விரைகின்றனர். ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த முன்னோர் விடிவதற்கு முன்பே பெரட்டு மணியைக் கேட்டு எழுந்தனர். மழை இரவாயினும், உடல் நோவாயினும், அம்மணியைக் கேட்டபின் படுக்கையில் கிடந்தவர் இலர். கிடந்தால் அன்றைய வேலை போயிற்று. ஆலைகளில் நேரம் அறிவித்த ஊதொலியைத் தமிழர் 'சங்கு' என்றே வழங்கினர். சங்கு முழங்கினால் ஆயிரம் கால்கள் அசைந்தன.

இவ்வொலிகளுக்கு இத்தகைய ஆற்றலைத் தந்தது எது? ஓசையின் பெருக்கமா? அன்று. அவை பொய் சொல்லவில்லை என்பதே அவற்றின் ஆற்றல். காரணமின்றி அடிக்கும் மணியை ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளும் ஊர், இரண்டாம் வாரத்தில் அதனைக் கேளாத செவியைப் பழகிக்கொள்ளும். பின்னர் உண்மையாகவே நெருப்புப் பிடித்து மணி அடித்தாலும் எழுந்து வருவார் இரார்.

இன்று வீடமைப்புப் பகுதிகளில் வாழ்வோர்க்கு இவ்வுண்மையை உணர்த்த ஒரு கருவி வந்து சேர்ந்திருக்கிறது. அதுவே கார்களில் பொருத்தப்பட்ட திருட்டு எச்சரிக்கைச் சங்கு. நள்ளிரவில் எங்கோ ஒரு கார் அலறுகிறது. யாரேனும் சன்னலைத் திறந்து பார்க்கின்றனரா? பெரும்பாலும் இல்லை. "யாருடைய காரோ கத்துகிறது" என்று சலித்துக்கொண்டு தலையணையைக் காதோடு அணைத்துக்கொள்கின்றனர். காவலுக்கென்று வைத்த கருவி உறக்கத்திற்குப் பகையாக முடிந்தது. ஏன் முடிந்தது என்று ஆராய்ந்தால், பல கார்களில் அதற்குக் காரணம் உள்ளங்கையில் அடங்கும் சிறிய மின்கல அடுக்கு ஒன்று என்பது தெரியவரும்.

கிள்ளான் நகருக்கு அருகே ஒரு வீடமைப்புப் பகுதியில் ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் வாழ்ந்து வருகிறார். அவரிடம் இருப்பது பன்னிரண்டு ஆண்டு பழமையான ஓர் ஐரோப்பியக் கார். இரண்டாங்கையாக வாங்கியது, எனினும் துடைத்து மெருகேற்றிக் கண்ணுங் கருத்துமாகப் பேணப்படுவது. ஒரு நாள் அதிகாலை மூன்று மணிக்கு அக்கார் திடீரென அலறிற்று. ஆசிரியர் ஓடிவந்து பார்த்தார். கதவு பூட்டியபடி இருந்தது. கண்ணாடியில் கீறல் இல்லை. அருகில் ஆளும் இல்லை. திறவுகோலை அழுத்தி ஒலியை அடக்கிவிட்டு உறங்கச் சென்றார். நான்கு நாள் கழித்து மீண்டும் அலறல். பின்னர் இரண்டு நாளுக்கொரு முறை.

அவர் காரணம் தேடாமல் இருக்கவில்லை. முதலில் திறவுகோலுக்குள் இருக்கும் காசு வடிவான 3 வோல்ட் மின்கலத்தை மாற்றினார். பலர் செய்யும் பிழை இது. அந்தக் கலம் திறவுகோலுக்கு உயிரூட்டுவது. சங்குக்கு அதனால் யாதொரு பயனும் இல்லை. பின்னர்க் காருக்குள் பல்லியோ பூச்சியோ புகுந்திருக்குமோ என்று ஐயுற்றார். உள்ளே அசைவை உணரும் கருவியுள்ள கார்களில், கண்ணாடியைச் சற்றே இறக்கி வைத்தால் அவ்வாறு நேர்வதுண்டு. கண்ணாடியை முழுதும் ஏற்றி வைத்தும் அலறல் நிற்கவில்லை. காரின் பெரிய பேட்டரி தளர்ந்திருந்தாலும் எச்சரிக்கை தவறாக ஒலிக்கும் என்று கேள்விப்பட்டு அதனையும் அளந்து பார்த்தார். இயந்திரத்தை நிறுத்திச் சில மணி நேரம் சென்றபின் அது 12.6 வோல்ட் காட்டிற்று. நல்ல நிலையில் உள்ள பேட்டரியின் அளவு அதுவே.

அண்டை வீட்டார் எவரும் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. வலப்புறத்துச் சீன மூதாட்டி காலையில் காணும்போது முன்போலவே புன்னகை புரிந்தார்; ஆனால் கண்கள் சிவந்திருந்தன. எதிர் வரிசையில் ஒரு மலாய்த் தாதியின் குடும்பம் இருந்தது. அவர் மாறி மாறி வரும் பணிமுறையில் வேலை செய்பவர். கிடைக்கும் சில மணி நேர உறக்கமே அவருக்குச் செல்வம். அவரும் ஒன்றும் சொல்லவில்லை. மலேசிய மண்ணில் அண்டை வீட்டார் ஒருவரையொருவர் பொறுத்துக்கொள்ளும் பண்பு பெரியது. ஆனால் பொறுமையாலும் தீங்கு விளையக்கூடும் என்பதை ஒரு நிகழ்ச்சி காட்டிற்று.

ஒரு வெள்ளிக்கிழமை இரவு அந்தத் தாதியின் கார் களவு போயிற்று. திருடர் கைவைத்தபோது அக்காரின் சங்கு நன்றாகவே ஒலித்தது; அது பழுதில்லாத சங்கு. தெருவில் உள்ளோர் பலரும் கேட்டனர். ஒருவரும் வெளியே வரவில்லை. மறுநாள் காவல் துறையினர் வந்து விசாரித்துச் சென்றபின், மூன்றாம் வீட்டு லோரி ஓட்டுநர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "சத்தம் கேட்டது, வாத்தியாரையா. உங்கள் காராகத்தான் இருக்கும் என்று நினைத்துத் திரும்பிப் படுத்துவிட்டேன்."

அச்சொல் ஆசிரியரைச் சுட்டது. அவருடைய கார் எங்கும் போகவில்லை. வாசலிலேயே பாதுகாப்பாக நின்றது. ஆனால் அது எழுப்பிய பொய்யொலி ஒரு தெருவின் விழிப்பையே மழுங்கடித்துவிட்டது. பழுதான காவலன் தன் வீட்டுக்கு மட்டும் கேடு செய்வதில்லை. அடுத்த வீட்டுக் காவலனின் குரலையும் மதிப்பற்றதாக்கி விடுகிறான்.

அன்றே அவர் ஒரு பட்டறைக்குச் சென்றார். சங்கு முழுவதையும் மாற்ற வேண்டும் என்று அங்குச் சொல்லப்பட்டது. சொன்ன விலை அவருடைய ஓய்வூதியத்தில் ஒரு பெரும் பங்கு. அதனையும் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டுமாம். தயங்கி நின்ற அவரைக் கண்டு ஓர் இளைஞர் எளிய வழி ஒன்றைக் கூறினார்: "கம்பியைக் கழற்றி விடுங்கள், சத்தமே வராது." மலிவான வழிதான், ஆனால் நேரிய வழியா? ஊமையாக்கப்பட்ட காவலன் காவலன் ஆவானா? காரின் முன் கண்ணாடிக்குக் கீழே சிவப்பு விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டிருக்க, உள்ளே குரல் அறுபட்டுக் கிடக்கும் நிலை ஒரு பொய்யை மறைக்க மற்றொரு பொய் சொல்வதை ஒக்கும்.

அவருக்கு வழி காட்டியவர் அவரிடம் முன்பு நான்காம் வகுப்பில் படித்த மாணவர் ஒருவர். இப்போது மின்னணுக் கருவிகளைச் செப்பனிடும் தொழில் செய்பவர். "ஐயா, சங்கு கெடவில்லை. அதன் வயிற்றில் இருக்கும் பேட்டரிதான் செத்துப் போயிருக்கும். நீங்களே மாற்றலாம். நான் பக்கத்தில் இருக்கிறேன்; கை உங்களுடையதாக இருக்கட்டும்" என்றார் அவர். எழுத்துக் கற்பித்த ஆசிரியரிடம், கை பிடித்து எழுதப் பழக்கிய அதே முறையில் மாணவர் பேசினார். ஆசிரியர் மறுக்கவில்லை. "சரி தம்பி, நீ சொல், நான் செய்கிறேன்" என்றார்.

இங்கே அச்சங்கின் அமைப்பை அறிந்துகொள்ளுதல் வேண்டும். கார் நிறுத்தப்பட்டிருக்கும்போது சங்கு காரின் பெரிய பேட்டரியிலிருந்தே மின்னாற்றலைப் பெறுகிறது. அறிவுள்ள திருடன் என் செய்வான்? முதலில் அப்பேட்டரியின் கம்பியை வெட்டுவான். அவ்வாறு வெட்டினாலும் குரல் அடங்கக் கூடாது என்பதற்காகவே சங்கின் கூட்டுக்குள் தனியாக ஒரு சிறிய மின்கல அடுக்கை வைத்திருக்கின்றனர். வெளியிலிருந்து வரும் மின்சாரம் அறுந்ததும் அது தன் சொந்த ஆற்றலால் அலறும். இது காவலனுக்குக் கொடுத்த கட்டுச்சோறு போன்றது.

இத்தகைய அடுக்குகள் பல, மீண்டும் மின்னேற்றத் தக்க நிக்கல் வகைக் கலங்களால் ஆனவை. 1859ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டவரான பிளாந்தே ஈய அமிலப் பேட்டரியைக் கண்டுபிடித்தார். காரை முடுக்குவதற்கு இன்றும் பெரிதும் பயன்படுவது அவ்வகையே. 1899ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டவரான யுங்னர் நிக்கல் காட்மியக் கலத்தை உருவாக்கினார். காட்மியம் நச்சுத் தன்மை மிக்கது. எனவே பிற்காலத்தில் நிக்கல் உலோக ஐதரைடுக் கலங்கள் பல கருவிகளில் அதன் இடத்தைப் பிடித்தன. இவ்விரு வகையிலும் ஒரு கலத்தின் அழுத்தம் 1.2 வோல்ட். ஆறு கலங்களைத் தொடராக இணைத்தால் 7.2 வோல்ட் கிடைக்கும்.

இக்கலங்கள் நிலைபேறு உடையன அல்ல. ஆண்டுக்கணக்கில் ஓயாமல் மின்னேற்றம் பெறுவதாலும், இயந்திரத்தின் வெப்பத்தாலும், வெப்ப மண்டலத்தின் வெயிலாலும் அவை நாளடைவில் தளர்கின்றன. முத்திரை விட்டுப்போன கலத்திலிருந்து பொட்டாசியம் ஐதராக்சைடு என்னும் காரக் கரைசல் கசிகிறது. அது காற்றிலுள்ள கரியமில வாயுவோடு கூடி வெண்பொடியாகப் படிகிறது. மின்சுற்றுப் பலகையின் மெல்லிய செப்புத் தடங்களை அரித்துப் பச்சை நிறமாக்குகிறது. தடம் அரிக்கப்பட்டால் சங்குக்கும் காரின் மைய அமைப்புக்கும் இடையே செய்தித் தொடர்பு தடுமாறுகிறது. யாரோ கம்பியை வெட்டிவிட்டதாகக் கருவி மயங்கி அலறுகிறது. அக்கருவி பொய் சொல்ல விரும்பிச் சொல்லவில்லை. தன் நோயைத் திருடன் என்று எண்ணிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலை தொடங்கிற்று. முதற்படி கருவியை எடுப்பது அன்று, கையேட்டைப் படிப்பது. எச்சரிக்கை அமைப்பு விழித்திருக்கும்போது பேட்டரியைக் கழற்றினால் சங்கு திருட்டென்றே கொள்ளும். சில கார்களில் இயந்திரத் திறவுகோலைத் திருப்பி மூடிய பின் சிறிது நேரம் இடைவெளி கிடைக்கும். அதற்குள் கழற்றிவிட வேண்டும். காருக்குக் கார் இம்முறை வேறுபடும். வானொலிக்கு மறைக்குறியீடு இருப்பின் அதனையும் முன்னரே குறித்துக்கொள்ளல் வேண்டும்.

பேட்டரியின் எதிர்முனைக் கம்பியையே முதலில் கழற்ற வேண்டும் என்றார் மாணவர். காரணம் கேட்டார் ஆசிரியர். காரணம் கேளாமல் எதையும் ஏற்பது அவர் வழக்கமன்று. காரின் உடல் முழுவதும் எதிர்முனையோடு இணைந்துள்ளது. நேர்முனையை முதலில் கழற்றும்போது ஸ்பானர் தவறி உடலில் பட்டால் பெரும் மின்னோட்டம் பாய்ந்து தீப்பொறி பறக்கும். எதிர்முனையைப் பிரித்துவிட்டால் அவ்வாபத்து இல்லை. திரும்பப் பொருத்தும்போது முறை தலைகீழாகும், எதிர்முனை இறுதியில்.

சங்கு முன்சக்கரத்தின் மேல், மட்கார்டின் உட்புறத்தில் ஒளிந்திருந்தது. சக்கரத்தைக் கழற்ற வேண்டியதாயிற்று. ஜாக்கி ஒன்றை மட்டும் நம்பிக் காரின் அடியில் கையையோ தலையையோ நுழைத்தல் உயிருக்கு உலை வைப்பதாகும். எனவே சமதரையில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்கு அணை கொடுத்து, உறுதியான இரும்புத் தாங்கிகளின்மீது காரை அமர்த்தினர். சங்கை எடுக்குமுன் காதுகளில் பஞ்சடைப்பான்களைச் செருகிக்கொண்டனர். உள்ளிருக்கும் கலத்தில் சிறிது உயிர் எஞ்சியிருந்தாலும் இணைப்பைப் பிடுங்கியதும் அது அலறக்கூடும். கைதொடும் அண்மையில் அவ்வொலி செவிக்குக் கேடு செய்யும். அதனால் தடித்த துண்டொன்றும் அருகில் இருந்தது. ஆனால் அன்று அது முனகக்கூட இல்லை.

கூடு பசையிட்டு மூடப்பட்டிருந்தது. மெல்லிய ரம்பத்தால் இணைப்புக் கோட்டின் வழியே மேலோட்டமாக அறுத்தனர். ஆழமாகச் சென்றால் பலகை வெட்டுப்படும். திறந்து பார்த்தபோது உள்ளே வெண்பொடியும் பச்சைக் கறையும் பூத்திருந்தன. அளவு கருவியை வைத்தார் ஆசிரியர். 7.2 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 3 வோல்ட்கூட இல்லை. இத்தனை மாதம் ஒரு தெருவையே அலைக்கழித்தது இந்தச் சிறு பிணமா என்று அவர் வியந்து நின்றார்.

பொடி காரத் தன்மையது. கண்ணிலோ தோலிலோ பட்டால் புண்ணாக்கும். கையுறையும் கண்ணாடியும் அணிந்தே அதனைத் தொட வேண்டும். பழைய அடுக்கை எடுக்குமுன் எந்தக் கம்பி நேர்முனை, எந்தக் கம்பி எதிர்முனை என்பதைத் தாளில் வரைந்துகொண்டார் ஆசிரியர். நினைவை நம்பாமல் எழுத்தை நம்புவது ஆசிரியருக்கு இயல்புதானே! அடுக்கை நீக்கியபின், பஞ்சுக் குச்சியில் சில துளி வினிகரைத் தொட்டுக் கறையின்மேல் தடவினார். அது நுரைத்துக் கரைந்தது. காரத்தை மென்மையான அமிலம் ஆற்றும் இக்காட்சியைப் பள்ளி அறிவியல் பாடத்தில் எத்தனையோ முறை வாயால் விளக்கியவர் அவர். கையால் கண்டது அன்றுதான். பின்னர் வினிகரின் எச்சமும் தங்காதவாறு துடைத்து, ஆல்ககாலால் தூய்மை செய்து, நன்றாக உலரவிட்டார். பூதக் கண்ணாடியில் பார்த்தபோது ஒரு தடம் அறுபட்டிருப்பது தெரிந்தது. அதற்கு மேலாக மயிரிழை போன்ற செப்புக் கம்பி ஒன்றைப் பாலமாக இட்டனர்.

புதிய அடுக்கைத் தேர்ந்தெடுப்பதிலும் விதி உண்டு. அதே வேதியல் வகை, அதே அழுத்தம், அதே கூட்டுக்குள் அடங்கும் அளவு ஆகிய மூன்றும் பொருந்த வேண்டும். நிக்கல் கலம் இருந்த இடத்தில் லித்தியக் கலத்தை வைத்தல் தகாது. மின்னேற்றும் சுற்று அதற்கென அமைக்கப்பட்டதன்று. வெப்பம் மிகுந்து தீப்பற்றும் இடர் உண்டு. சால்டரிங் என்று பட்டறைகளில் வழங்கும் பற்றாசு வேலையைக் கலத்தின் உடலில் நேரே செய்தலும் கூடாது. சூட்டில் கலத்தின் முத்திரை உருகிவிடும். ஆதலால் தகட்டு நாக்குகள் முன்னமே இணைத்து விற்கப்படும் அடுக்கையே வாங்கியிருந்தார் மாணவர்.

ஆசிரியரின் கை நடுங்கிற்று. முதல் பற்றாசு உருண்டையாகத் திரண்டு ஒட்டாமல் உதிர்ந்தது. "ஐயா, ஈயத்தைச் சூடாக்காதீர்கள். ஒட்ட வேண்டிய இடத்தைச் சூடாக்குங்கள். இடம் சூடானால் ஈயம் தானே ஓடி வந்து ஒட்டும்" என்றார் மாணவர். இரண்டாம் முறை ஈயம் வெள்ளிபோல் படர்ந்து பற்றிக்கொண்டது. கற்பித்தலுக்கும் பொருந்தும் பாடம் இது. சொல்லை எவ்வளவு சூடாக்கினாலும் மாணவன் நெஞ்சம் குளிர்ந்திருந்தால் அது ஒட்டுவதில்லை.

கூட்டை மீண்டும் மூடச் சிலிக்கோன் பசை பயன்பட்டது. அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. உலரும்போது வினிகர் மணம் வீசும் பசைகள் அமில ஆவியை வெளியிட்டுச் செப்பை அரிக்கும். மின்கருவிக்கென விற்கப்படும் அமிலம் சாராத பசையே ஏற்றது. காலையில் மருந்தாக நின்ற பொருள் மாலையில் நஞ்சாகும் விந்தை இது. அளவும் காலமும் அறிந்து பயன்படுத்துவதே அறிவு.

மறுநாள் சங்கு தன் இடத்தில் அமர்ந்தது. சில நாள் ஓட்டத்தில் புதிய அடுக்கு மின்னேற்றம் பெற்றது. இனிச் சோதிக்க வேண்டும். ஆசிரியர் அதனை ஓசையின்றி முடித்துவிட எண்ணவில்லை. சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கார் ஒரு முறை ஒலிக்கும் என்று தெருவின் ஒவ்வொரு வீட்டுக்கும் நேரில் சென்று சொன்னார். களவு கொடுத்த தாதியின் வீட்டு வாசலில் மட்டும் அவருக்குச் சொற்கள் எளிதில் வரவில்லை. நடந்ததை விளக்கி வருத்தம் தெரிவித்தார். அவர் சிறிது நேரம் பேசாமல் நின்று, பின்னர், "இனிச் சத்தம் கேட்டால் வெளியே வரலாம் அல்லவா, சிக்கு?" என்று கேட்டார். "வரலாம், வரவேண்டும்" என்றார் ஆசிரியர். குறித்த நேரத்தில் சங்கு முழங்கிற்று, அடக்கியதும் அடங்கிற்று. அதன்பின் இரவுகள் அமைதியாயின.

பழைய கலங்களை அவர் குப்பைத் தொட்டியில் எறியவில்லை. மலேசியாவில் 2005ஆம் ஆண்டு வந்த திட்டமிட்ட கழிவுகள் தொடர்பான விதிகள், காட்மியமும் நிக்கலும், பாதரசம், லித்தியம் முதலியன அடங்கிய பேட்டரிக் கழிவுகளைத் தனியே பட்டியலிட்டுள்ளன. சிங்கப்பூரில் 2021ஆம் ஆண்டு சூலை முதல் மின்னணுக் கழிவுகளையும் சிறு பேட்டரிகளையும் திரட்டும் பொறுப்பு, அவற்றை விற்பனைக்குக் கொண்டுவருவோர்மீது சுமத்தப்பட்டுள்ளது. மண்ணுக்கும் நீருக்கும் நஞ்சு சேராமல் அவற்றை மின்னணுக் கழிவு திரட்டும் இடத்தில் ஒப்படைப்பதோடுதான் இவ்வேலை முற்றுப்பெறுகிறது.

திருவள்ளுவர் பொச்சாவாமை என்று ஓர் அதிகாரமே வகுத்து, மறதியின் கேட்டினை அரசனுக்கு எடுத்துரைத்தார். நலமாக இருக்கும் காலத்தில்தான் மறதி வந்து குடியேறுகிறது. பல ஆண்டுகள் ஒழுங்காகக் காத்த சங்கை எவரும் நினைப்பதில்லை. அது காப்பதனாலேயே மறக்கப்படுகிறது. வீட்டின் புகை எச்சரிக்கைக் கருவி, பள்ளியின் தீயணைப்புக் குடுவை, மாடிப்படியின் அவசர விளக்கு ஆகிய யாவும் இத்தகையனவே. இவை பேசாத காலத்தில் நாம் இவற்றைப் பார்த்துக்கொண்டால்தான், பேச வேண்டிய காலத்தில் இவை உண்மை பேசும்.

தமிழ் கற்பிப்போர்க்கும் கற்போர்க்கும் இதில் ஒரு வேண்டுகோள் அடங்கியுள்ளது. கைத்தொழில் படிப்பில் பின்தங்கியவர்க்கு உரியது என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. பற்றாசு வைக்கும் கைக்கும் பாட்டெழுதும் கைக்கும் உயர்வு தாழ்வு இல்லை. காரணம் அறிந்து செய்தல், வரைந்து வைத்துக்கொள்ளல், பிறர்க்கு இடர் நேராமல் முன்னெச்சரிக்கை கொள்ளல் என்னும் பண்புகள் இரண்டுக்கும் பொது. நான்காம் வகுப்பில் எழுத்துக் கூட்டத் திணறிய மாணவர் ஒருவர், தம் ஆசிரியரின் கையைப் பிடித்து ஈயம் ஒட்டக் கற்பித்தார் என்றால், அப்பள்ளி தோற்றதாகச் சொல்ல முடியுமா?

சங்கின் கூட்டின்மேல் சிறு தாள் ஒன்றை ஒட்டி, அதில் மாற்றிய நாளையும் அடுத்து ஆய்வு செய்ய வேண்டிய ஆண்டையும் தெளிவான எழுத்தில் குறித்து வைத்திருக்கிறார் ஆசிரியர். அக்காரை நாளை யார் வாங்கினாலும் மட்கார்டைத் திறந்ததும் அவ்வெழுத்து அவர் கண்ணில் படும்.